தடிப்பு அல்ல, இறுக்கம்

ஸ்கிளீரோடெர்மாவைத் 'தோல் தடிப்பு நோய்' என்று எழுதும் பழக்கம் விட்டபாடில்லை. கொசு கடித்தால் வருவது தடிப்பு. மருந்து ஒத்துக்கொள்ளாமல் வந்து, சில மணி நேரத்தில் அடங்குவதும் தடிப்பு. இந்த நோயிலோ தோலில் கொலாஜன் என்ற புரத நார் அளவுக்கு மீறிச் சேர்ந்து, விரலை நீட்டி மடக்கவும் வாயை அகலத் திறக்கவும் விடாது. கிரேக்கத்தில் ஸ்கிளீரோஸ் என்றால் கடினம், டெர்மா என்றால் தோல். 'கடினத் தோல்' எனலாம்தான், ஆனால் இன்று கடினம் என்றதும் கணக்குப் பரீட்சைதான் நினைவுக்கு வருகிறது. 'தோல் இறுக்கம்' போதும். நுரையீரல், சிறுநீரகம், உணவுக்குழாய் வரை போகும் வகைக்கு 'உடல்தழுவிய' என்று முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

மருத்துவர் அளப்பதே தோலின் தடிமனைத்தானே என்பார்கள். சரி, எப்படி அளக்கிறார்? 17 இடங்களில் தோலைக் கிள்ளிப் பார்த்து, இடத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறார்; உச்சம் 51. மடித்துக் கிள்ளவே வராவிட்டால் 3. விரல் உணர்வது தடிமனோடு இறுக்கத்தையும்தான். போதாக்குறைக்கு, நோய் முற்றிய பின் தோல் மெலிந்தும் போகும், அப்போதும் அடித்திசுவோடு ஒட்டியே கிடக்கும். தடிப்பு எங்கே போயிற்று? (ஈழத்தில் தடிமன் என்றால் ஜலதோஷம் என்பது தனிக் கூத்து.)

மருந்துச் செய்தியில் குழப்பம் இரட்டிப்பாகிறது. நார் சேரத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஃப்ரெசோலிமுமாப் என்ற எதிர்ப்பொருளின் (ஆன்டிபாடி) தொடக்கச் சோதனை முடிவு 2015இல் வெளியானது. மொத்தம் 15 பேர்: ஏழு பேருக்கு எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் இரு தடவை, எட்டுப் பேருக்கு 5 மி.கி. வீதம் ஒரே தடவை. முன்னும் பின்னும் முன்கைத் தோலைத் துளி வெட்டிப் பார்த்ததில் நார் சேர்க்கும் மரபணுக்களின் வேகம் தணிந்திருந்தது, தோல் மதிப்பெண்ணும் இறங்கியது. இதைத் 'தடிப்பு குறைந்தது' என்று எழுதினால் ஏதோ களிம்புச் செய்தியாகிவிடும். 'நோய் குணமானது' என்பது அதைவிட மோசம். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து பெறும் குழு அதில் இல்லை. இந்த மதிப்பெண்ணோ சில ஆண்டுகளில் பலருக்குத் தானாகவே இறங்கக்கூடியது. இரத்தக் கசிவும் சோகையும் வேறு தலைகாட்டின. அதே இலக்கைக் குறிவைத்த இன்னோர் எதிர்ப்பொருளை 45 பேரிடம் போலி மருந்தோடு ஒப்பிட்ட 2007ஆம் ஆண்டு ஆய்வில் பலன் தெரியவில்லை.

எதிர்ப்பொருளை 'எதிர்ப்பு சக்தி ஊசி' ஆக்குவோர் இன்னொரு ரகம். இந்த ஊசி யாருக்கும் சக்தி ஏற்றுவதில்லை, அந்த டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்து முடக்குகிறது, அவ்வளவே. ஆன்டிபாடிக்கு இலங்கைப் பாடநூல்கள் தரும் 'பிறபொருளெதிரி' அழகான சொல்தான். ஆனால் டிஜிஎஃப்-பீட்டா பிறபொருளே அல்ல, நம் உடம்பே சுரப்பது. ஆகவே இங்கே எதிர்ப்பொருள்தான் பொருந்தும்.