நான்கு நாள் படிப்பு, ஐந்தாம் நாள் காய்ச்சல்

சென்ற வாரம் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பையன் அம்மாவோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தான். சோழிங்கநல்லூரில் மென்பொருள் வேலை, வயது 24. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். நான்கு வண்ண ஸ்கெட்ச் பேனாவில் கட்டம் கட்டமாக எழுதி, லேமினேட் வேறு செய்திருந்தான். அதிகாலை நான்கு முதல் ஏழு வரை கணக்கு. அலுவலக வண்டியில் ஆங்கில வார்த்தைப் பட்டியல். இரவு எட்டு முதல் பன்னிரண்டரை வரை மீதி எல்லாம். ஞாயிறென்றால் பதினான்கு மணி நேரம். “எத்தனை நாள் இப்படிப் படித்தாய்?” என்று கேட்டேன். அவன் வாய் திறக்கும் முன்பே அம்மா சொன்னார்: “நான்கு நாள் சார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்துவிட்டது.”

இந்த ஆண்டில் என் மேசைக்கு வந்த ஏழாவது அட்டவணை இது. பொறுத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் சொல்வது ஐ.ஐ.எம். எனும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் எம்.பி.ஏ. சேர நவம்பர் கடைசி வாக்கில் எழுதும் கேட் (CAT) தேர்வை. தமிழில் எழுதினால் பொறியாளர்கள் எழுதும் கேட் (GATE) தேர்வும் இதே எழுத்துதான். தலையணை மொத்தத்தில் அந்தப் பொறியாளர் தேர்வுப் புத்தகத்தை மகளுக்கு வாங்கி வந்துவிட்ட ஒரு தந்தையையும் பார்த்திருக்கிறேன்.

“ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் சார்?” என்னிடம் வருகிறவர்கள் உட்காரும் முன்பே கேட்கும் கேள்வி இது. பிளஸ் டூவில் பதிந்த பழக்கம். அங்கே பாடப்புத்தகம் இருந்தது, இத்தனை பக்கம் என்று கணக்கு இருந்தது, கூடுதலாக உட்கார்ந்தால் கூடுதலாகப் பக்கம் முடிந்தது. கேட் தேர்வுக்கு ஐ.ஐ.எம்.கள் பாடத்திட்டம் என்று ஒன்றை வெளியிடுவதே இல்லை. கணக்குப் பகுதியில் வரும் சதவீதமும் விகிதமும் முக்கோணமும் பெரும்பாலும் பத்தாம் வகுப்போடு முடிந்த சங்கதிகள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் 120 நிமிடம், ஆங்கிலம், தரவுப் புதிர்கள், கணக்கு என மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது. மிச்சம் பிடித்த நேரத்தை அடுத்ததற்கு எடுத்துப் போகவும் முடியாது. எதைத் தொடுவது, எதை விடுவது என்று அந்த 40 நிமிடத்துக்குள் முடிவெடுக்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் அந்தத் தெளிவு வந்துவிடாது. அதிலும் ஆறு மணி நேரம் காணொளி பார்த்த நேரம்! இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, தலையாட்டிவிட்டு, படித்ததாகக் குறித்துக்கொள்கிறார்கள். கச்சேரி கேட்டவர்களெல்லாம் பாடகர்களாகிவிட்டால் மார்கழியில் மேடை போதாது.

அந்தப் பையனின் கையிலிருந்த மாதிரித் தேர்வுத் தாள்களைப் புரட்டினேன். ஒன்றில், 23 முதல் 87 வரை எத்தனை எண்கள் என்ற இடத்தில் 64 என்று போட்டிருந்தான். 65 என்பது அவனுக்குத் தெரியும், கேட்டவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அடுத்த தாளில் சாலையோர மரங்கள், அதற்கடுத்ததில் இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாட்கள். மூன்றிலும் அதே ஒன்று குறைந்திருந்தது. மூன்று வாரம், மூன்று வேடம், ஒரே தவறு. ஒவ்வொரு முறையும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வருத்தப்பட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கிறான். அவனுடைய அட்டவணையில் தவறைத் திரும்பிப் பார்க்க ஒரு கட்டம்கூட இல்லை.

வேலைக்குப் போகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காலையில் ஒரே மூச்சாக 40 நிமிடம், கடிகாரம் வைத்து, போனை அடுத்த அறையில் விட்டுவிட்டு. ஒரு நாள் கணக்கு, ஒரு நாள் தரவுப் புதிர்கள். புதிர்களைத் துண்டு துண்டாகப் போட்டுப் பயனில்லை. எந்தக் கேள்வித் தொகுப்பைக் கைவிடுவது என்று பழகவே முழு 40 நிமிடம் வேண்டும். இரவில் புதிதாக எதையும் தொட வேண்டாம். காலையில் தவறியதை ஒரு நோட்டில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: தெரியாமல் போனது, தெரிந்தும் தவறியது, தொட்டிருக்கவே கூடாதது. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. பெரும்பாலோருக்கு மதிப்பெண் கரைவது அங்கேதான்.

ரயிலிலோ பஸ்ஸிலோ அரை மணி நேரம் ஆங்கிலக் கட்டுரை. வார்த்தைப் பட்டியலைக் குப்பையில் போடுங்கள். 2024இல் ஆங்கிலப் பகுதியின் 24 கேள்விகளில் 16, பத்தியைப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதைக் கேட்டதும் முகம் வாடுகிறார்கள். வாட வேண்டாம். பிடிக்காத துறையில் ஒரு கட்டுரை, படித்து முடித்ததும் எழுதியவர் என்ன வாதிடுகிறார் என்று தமிழிலேயே இரண்டு வரி. இரண்டு மாதம் விடாமல் செய்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடுங்கள்.

இரவுப் பணி மாறி மாறி வருகிறவர்கள் மணியைக் குறிக்காதீர்கள், ‘எழுந்து காபி குடித்ததும்’ என்று குறியுங்கள். வாரம் ஒரு மாதிரித் தேர்வு போதும், அதை அலசுவதற்குத் தேர்வை விட அதிக நேரம் ஒதுக்குங்கள். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். உண்மையான தேர்வில் உங்கள் வேளையை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குத் தவறினாலும் மதிப்பெண் குறையாது, அதைக்கூட வெறுமையாக விட்டு வருகிறவர்களை என்ன சொல்வது? ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் படிக்காதீர்கள். போனது போகட்டும்.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். “இன்று எத்தனை மணி நேரம் படித்தாய்?” என்று கேட்காதீர்கள். “காலையில் எதில் தவறினாய்?” என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவன் வாய்விட்டுச் சொல்லட்டும்.

கிளம்பும்போது அந்த அம்மா தயங்கி நின்றார். “அப்படியென்றால் நாலு மணிக்கு எழுப்ப வேண்டாமா சார்?”

“ஆறு மணிக்கு எழுப்புங்கள் அம்மா,” என்றேன். “முதலில் காய்ச்சல் சரியாகட்டும்.”