நாக்குக்குத் தெரியாத கார்போஹைட்ரேட்

இனித்தால் ஆபத்து, இனிக்காவிட்டால் பயமில்லை. சர்க்கரை நோயாளிகளில் பலர் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள், தவறுவதும் இங்கேதான். சர்க்கரை, மாவுச்சத்து இரண்டும் கார்போஹைட்ரேட்தான். ஆனால் சர்க்கரை போன்ற சிறு மூலக்கூறுகள்தான் நாக்கில் இனிக்கும். மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கில் குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. அதை நாக்கு இனிப்பாக உணராது. எச்சிலிலும் சிறுகுடலிலும் உள்ள அமைலேஸ் நொதி அதைத் துண்டாக்கியபின், கடைசியில் இரத்தத்தில் சேர்வது குளுக்கோஸ்தான்.

இனிக்காத சாசேஜிலும் மாவு சேர்ப்பதுண்டு. அங்கே அதற்கு என்ன வேலை? அரைத்த இறைச்சி வெந்தால் நீர் கக்கிச் சுருங்கும். மாவுச்சத்துத் துகள்கள் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஊதி, அந்த நீரைப் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு குறைந்த தயிரிலும் மயோனைஸிலும் போன கொழுப்பின் வழவழப்பை ஈடுகட்டப் பெரும்பாலும் இதே மாவைத்தான் சேர்க்கிறார்கள். தக்காளி கெச்சப்பில் புளிப்பும் உப்பும் இனிப்பை மறைத்துவிடும். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 4 கிராம் சர்க்கரை. 200 மில்லி பாலில் 10 கிராம் அளவுக்கு லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை உண்டு. சர்க்கரையைவிட அதற்கு இனிப்பு மிகக் குறைவு என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விட நன்றாக ஒளிந்துகொள்வது மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டிச் செய்யும் வெள்ளைப் பொடி இது. சூப் பொடி, சிப்ஸ் மசாலா, புரதப் பொடி என்று பலவற்றிலும் கலக்கிறார்கள். இனிப்பு அநேகமாக இல்லை. ஆனால் இரத்தச் சர்க்கரையைக் குளுக்கோஸுக்கு இணையான வேகத்தில் ஏற்றும். லேபிளில் 'சர்க்கரை' என்ற வரி ஓரலகு, ஈரலகுச் சர்க்கரைகளை (ஒன்றோ இரண்டோ சர்க்கரை அலகு கொண்டவற்றை) மட்டுமே எண்ணுவதால், இதன் பெரும்பகுதி அந்த வரியில் வராது. படிக்க வேண்டியது 'கார்போஹைட்ரேட்' வரியை.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. அமெரிக்க லேபிளில் மொத்தக் கார்போஹைட்ரேட்டுக்குள் நார்ச்சத்தும் அடக்கம். நார் குளுக்கோஸாக மாறாது என்பதால் அதைக் கழித்துப் பார்ப்பார்கள். ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்தைக் கழித்த எண்ணையே தருகிறார்கள். அதிலிருந்து மறுபடியும் கழித்தால், 10 கிராம் நார் உள்ள ரொட்டியில் 10 கிராம் கார்போஹைட்ரேட் கணக்கிலிருந்து காணாமல் போகும். அளவு பார்த்து இன்சுலின் போடுபவருக்கு இது சிறிய பிழை அல்ல.

கார்போஹைட்ரேட் வரியே இல்லையென்றால் கலோரியிலிருந்து கணக்கிடலாம். 100 கிராமுக்கு 380 கிலோ கலோரி, புரதம் 8 கிராம், கொழுப்பு 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். புரதமும் கார்போஹைட்ரேட்டும் கிராமுக்கு 4 கிலோ கலோரி, கொழுப்பு 9. புரதத்துக்கு 8 × 4 = 32, கொழுப்புக்கு 12 × 9 = 108. மீதி 240, நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 60 கிராம். மதுவோ சர்க்கரை ஆல்கஹாலோ (சார்பிட்டால் போன்ற இனிப்பூட்டி) கலந்த பொருளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

லேபிளே இல்லாத குழம்பிலோ சாஸிலோ மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க, காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடின் போதும். ஒரு துளியைப் பத்துத் துளி நீரில் கலந்து, தனியே எடுத்து வைத்த ஒரு கரண்டி உணவில் சொட்டுங்கள். மாவுச்சத்தின் அமைலோஸ் இழை சுருள்போல வளைந்தது. அயோடின் அதற்குள் நுழைந்ததும் கருநீலம் தெரியும். உணவு ஆறியிருக்க வேண்டும், சூட்டில் நிறம் மறைந்துவிடும். எலுமிச்சை பிழிந்திருந்தாலும் ஏமாறலாம், ஏனெனில் வைட்டமின் சி அயோடினை நிறமிழக்கச் செய்யும். சோதித்ததைக் கொட்டிவிடுங்கள், வாயில் வைக்கக் கூடாது. சர்க்கரைக்கும் லாக்டோஸுக்கும் இந்தச் சோதனையில் நிறமே வராது. மால்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் செம்பழுப்போடு நின்றுவிடும், சில வகைகளில் அதுவும் இல்லை.