மோரல்: ஒழுக்கமா, அறமா?

மலேசியாவில் பள்ளிக்கூடம் போன தமிழ்ப் பிள்ளைக்கு ‘மோரல்’ என்றால் முதலில் ஞாபகம் வருவது ஒரு பாடம்தான். தமிழ்ப்பள்ளியில் அதற்கு நன்னெறிக் கல்வி என்று பெயர், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயில் பெண்டிடிக்கான் மோரல். முஸ்லிம் மாணவர்கள் இஸ்லாமியக் கல்விக்குப் போகும் நேரத்தில் மற்றவர்கள் உட்காரும் வகுப்பு அது. பழைய பாடத்திட்டத்தில் 36 ‘நிலாய்’, அதாவது நற்பண்புகள். ஒவ்வொன்றின் வரையறையையும் எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்தவர்கள் இன்று கோலாலம்பூரில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறார்கள். அப்படிப் படித்த ஒருவரிடம் போய், மோரல் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை அதிகாரத்தில் இருப்பவன் வைத்ததுதான் சட்டமா என்று கேட்டால் அவர் யோசிக்காமல் இரண்டாவது பக்கம்தான் சாய்வார். எது நல்லது என்று மேலிடம் எழுதித் தந்து, அதை அப்படியே திருப்பி எழுதியவனுக்கு மதிப்பெண் என்றால் வேறென்ன தோன்றும்?

சொல்லின் வேரைப் பார்த்தால் அவர் சொல்வதில் பாதி சரி. லத்தீனில் ‘மோஸ்’ என்றால் வழக்கம், அதன் பன்மை ‘மோரெஸ்’. கிரேக்கர்களின் ‘எதிகோஸ்’ என்ற சொல்லுக்கு ஈடாக ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ கி.மு. முதல் நூற்றாண்டில் இதிலிருந்து ‘மோராலிஸ்’ என்று ஒன்றை உருவாக்கினார். ஆக, அடியில் கிடப்பது ‘ஊரில் இப்படித்தான் செய்வார்கள்’ என்ற எண்ணம். ஊர் வழக்கத்தை வைப்பது பெரும்பாலும் கை ஓங்கியவர்கள்தான், அதை மறுக்க முடியாது.

இதற்கு நேரான தமிழ்ச் சொல் ஒழுக்கம். ஒழுகு என்ற வினையிலிருந்து வந்தது, ஒரு வழியில் தொடர்ந்து நடப்பது. ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்று வள்ளுவர் சொல்வதும் ஒழுக்கமுடைமை அதிகாரத்தில்தான். உலகம் மாறினால் இந்த ஒழுக்கமும் மாறும்.

அறம் வேறு. அறு என்ற வினையோடு அதைச் சேர்த்து, வரையறுத்து வைத்தது என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்கு வேரைவிட அது வழங்கிய விதம்தான் பெரிதாகப் படுகிறது. மதுரைக்காஞ்சியில் நீதிமன்றத்துக்குப் பெயர் அறங்கூறு அவையம். அவை அறத்தைக் கூறும், அதற்கு மேல் அறத்தை உண்டாக்கும் வேலை அதற்கு இல்லை. கூறுவதற்கு முன்பே அறம் இருக்கிறது, கூறுபவன் தவறவும் கூடும் என்ற நினைப்பு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இந்த வித்தியாசம் வெறும் அகராதி விஷயம் இல்லை. 1941இல் கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில், நம் பால்மரத் (ரப்பர்) தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, இவற்றோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரைக்கும் (வெள்ளைக்கார நிர்வாகி) கிராணிக்கும் (தோட்டத்து எழுத்தர்) முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. ஒரு ஆள் வெயிலில் மிதித்துக்கொண்டு வருகிறான், தூரத்தில் துரையின் தொப்பி தெரிகிறது, உடனே இறங்கி ஓரமாக நின்று, துரை கடந்து போன பிறகு மறுபடி ஏறுகிறான். தோட்டத்து வழக்கில் அதற்குப் பெயர் மரியாதை, இறங்காதவனுக்குத்தான் கெட்ட பெயர். இது அப்பட்டமாக அதிகாரம் வைத்த ஒழுக்கம். அதை எதிர்த்துக் கேட்டபோது படையை இறக்கினார்கள், தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வலுத்தவன் முடிவுதான் அறம் என்றால் அன்றைக்குத் தப்பு தொழிலாளி பக்கம் என்றாகிவிடும், இன்று நாம் அவர்கள் கேட்டது சரி என்று சொல்வதும் துரைமார் போய்விட்டார்கள் என்பதால் மட்டும்தான் என்றாகிவிடும். என்னால் அப்படி நினைக்கவே முடியவில்லை. தோற்று நின்ற அன்றைக்கும் அவர்கள் கேட்டது நியாயம்தான்.

நீதி என்பது வலுத்தவனுக்கு ஆதாயமானது என்று பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் திராசிமாக்கஸ் என்ற பாத்திரம் அடித்துச் சொல்கிறது. நம்மிடமும் ‘வல்லான் வகுத்ததே வாய்க்கால்’, ‘தடி எடுத்தவன் தண்டல்காரன்’ என்று இருக்கின்றன. ஆனால் இந்தப் பழமொழிகளை மக்கள் எப்போது சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் முறையாக நடக்கும்போது யாரும் சொல்வதில்லை. நிலம் பறிபோனவனும் வேலை பறிபோனவனும் வயிறெரிந்து சொல்வது அது. வலுத்தவன் வகுத்ததுதான் சரி என்று உண்மையிலேயே நம்புகிறவனுக்கு வயிறெரிய என்ன இருக்கிறது?

சரி, அறம் என்ற சொல்லையும் அதிகாரம் விட்டுவைத்ததா? இல்லை. குறளுக்கு உரை எழுதத் தொடங்கும்போதே பரிமேலழகர், மனு முதலிய நூல்களில் விதித்ததைச் செய்வதும் விலக்கியதை ஒழிப்பதும்தான் அறம் என்கிறார். அதை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என்று மூன்றாகப் பிரித்து, ஒழுக்கம் என்பது அந்தந்த வருணத்தார் தங்களுக்கு விதித்ததில் நிற்பது என்றும் சொல்கிறார். சாதியை அறத்துக்குள் நுழைத்த இந்த உரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். வள்ளுவரோ ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்துஅறன்’ என்று முடித்துவிட்டார். அதில் வருணமும் இல்லை, தண்டமும் இல்லை. உரைகாரர் மூலத்தைவிட்டு எங்கே விலகினார் என்று நம்மால் கைவைத்துக் காட்ட முடிகிறதே, அதுவே அறம் அவர் சொன்னதோடு முடிந்துவிடவில்லை என்பதற்குச் சாட்சி.

அப்புறம், ‘மோரல்’ என்பதைத் தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லை எங்கே போடுவது? பாடத்தின் பெயராக நன்னெறி நல்ல சொல், நெறி என்றால் வழி, அதை மாற்றத் தேவையில்லை. கதையின் மோரல் என்றால் கதையின் நீதி அல்லது படிப்பினை. மோரல் சப்போர்ட் என்றால் மன ஆதரவு போதும். பிறர் உடுப்பையும் நடப்பையும் கண்காணிக்கும் ‘மோரல் போலீஸ்’ வேலைக்கு ஒழுக்கக் காவல் என்பதே பொருத்தம், அங்கே அறம் என்ற சொல்லை இழுக்காதீர்கள். ‘இதைச் செய்ய உங்களுக்கு என்ன மோரல் ரைட் இருக்கிறது’ என்று முதலாளியையோ அமைச்சரையோ பார்த்துக் கேட்கும் இடத்தில் பலரும் தார்மிக உரிமை என்று எழுதுகிறோம், அதுவும் தவறில்லை, ஆனால் நான் அற உரிமை என்றுதான் எழுதுவேன்.