ரத்தம் ஊறும் மாத்திரை: யாருக்கு, எதற்கு?

போன மாதம் ஒரு பெரியவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்து கசங்கிய சீட்டு ஒன்றை நீட்டினார். சீட்டில் இருந்த பெயர் பக்கத்து வீட்டுப் பையனுடையது. "அவனுக்கு ரத்தம் நாலுல இருந்து ஒன்பதுக்கு ஏறிடுச்சும்மா. என் மருமகளுக்கும் ரத்தம் கம்மிதான். இதே மாத்திரையைக் குடு" என்றார். சீட்டில் எழுதியிருந்தது ஸ்டானோசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. நான் கொடுக்கவில்லை. அவர் கோபித்துக்கொண்டு போனார். அவருக்கு நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

"ரத்தம் கம்மி" என்ற ஒரே பேச்சுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதற்கு முதல் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. அரிசி தீர்ந்துபோன வீட்டில் உலை கொதித்து என்ன பயன்? அரிசி வாங்கிப் போட வேண்டும். அதாவது இரும்புச்சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, மூலம் இருக்கிறதா, குடலில் புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்கு இருந்தது வேறு. அரிசி இருக்கிறது, அடுப்புதான் எரியவில்லை. ஏபிளாஸ்டிக் அனீமியா என்று சொல்வார்கள். எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் செல்களே வற்றிப்போயிருக்கும். சிவப்பணு, வெள்ளையணு, பிளேட்லெட் மூன்றும் சேர்ந்து குறையும். இதற்கு முதன்மையான சிகிச்சைகள் மஜ்ஜை மாற்று சிகிச்சையும், ஏடிஜி, சைக்ளோஸ்போரின் போன்ற எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும்தான். ஆனால் பொருந்துகிற மஜ்ஜை எல்லோருக்கும் கிடைப்பதில்லை, ஏடிஜி லட்சக்கணக்கில் செலவு வைக்கும். அப்போதுதான் ஸ்டானோசோலால், டானசோல், ஆக்சிமெத்தலோன் போன்ற மருந்துகள் வருகின்றன. ஆண்மை ஹார்மோனின் வழியில் வேலை செய்யும் மருந்துகள் இவை. ரத்தம் ஊறச் சொல்லும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகத்தில் கூட்டுகின்றன, மஜ்ஜையையும் தூண்டுகின்றன. 1989-ல் எரித்ரோபாய்ட்டின் ஊசி புழக்கத்துக்கு வரும் முன், டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நான்ட்ரோலோன் ஊசி போட்டதும் இதற்காகத்தான்.

ஆஸ்துமாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் பிரெட்னிசோலோனும் ஸ்டீராய்டுதான், ஆனால் அது வேறு குடும்பம். ஸ்டீராய்டு என்று கேட்டதும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டப்பந்தய வீரர் பென் ஜான்சனின் தங்கப் பதக்கத்தைப் பறித்தது இதே ஸ்டானோசோலால்தான். ஜிம் பையன்கள் கேட்டு வருவதும் இதைத்தான்.

இந்த மருந்துக்குப் பொறுமை வேண்டும். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை போட்டுப் பார்த்தால்தான் பலிக்கிறதா இல்லையா என்றே தெரியும். எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. பலருக்கு முதல் மாதத்திலேயே நம்பிக்கை போய்விடுகிறது.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியை என்னால் மறக்க முடியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவள், மாத்திரை தொடங்கி ஐந்தாம் மாதம் ரத்தம் ஏற்றாமலேயே இருக்க ஆரம்பித்தாள். வீட்டில் அவ்வளவு சந்தோஷம். அப்புறம் இரண்டு மாதம் மாத்திரை வாங்க வரவே இல்லை. மறுபடி வந்தபோது துப்பட்டாவால் தாடையை மூடியிருந்தாள். கடையில் ஆள் குறையும் வரை காத்திருந்து, "அக்கா, மீசை வருது. குரல் ஆம்பளை மாதிரி ஆயிடுச்சு. மாசமாசம் வர்றதும் நின்னுபோச்சு. டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றாள். சொல்ல வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஹீமோகுளோபின் மறுபடி ஐந்துக்கு வந்துவிட்டது. அன்றே அவளைக் கூட்டிக்கொண்டு போய் மருத்துவரிடம் பேச வைத்தேன். அவர் அளவைக் குறைத்துத் தொடர்ந்தார். மாதவிடாய் திரும்பியது. குரல் திரும்பவில்லை.

குரல் உடைவது நிரந்தரமாகிவிடலாம் என்று முதல் நாளே அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவள் வாங்கிய கடையின் ஆள் என்ற முறையில் அந்த யாராவது நானாகவும் இருந்திருக்கலாம். அதன் பிறகு பெண்களுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது ஓரமாக அழைத்து, தொண்டை கரகரத்தாலோ, முகத்தில் முடி வந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லச் சொல்கிறேன். கர்ப்பமாக இருந்தால் தொடவே கூடாது. வயிற்றில் இருப்பது பெண் குழந்தையென்றால் அதன் உடலிலும் ஆண்தன்மை வரலாம். சிறுவர்களுக்கு எலும்பின் வளர்ச்சி முனைகள் சீக்கிரம் மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடக்கூடும். அதனால்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்க்கிறார்கள்.

கல்லீரல்தான் பெரிய கவலை. வாய்வழி எடுக்கும் இந்த மாத்திரைகளால் மஞ்சள் காமாலை வரலாம். கல்லீரலில் ரத்தம் நிரம்பிய சிறு பைகள் உண்டாகி, பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே இருந்து, திடீரென்று வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். கட்டிகளும் வரலாம், சில புற்றுநோயாகவும் மாறலாம். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று கல்லீரல் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ அன்றே போய்க் காட்டுங்கள். நல்ல கொழுப்பு குறைவதும் கால் வீங்குவதும் உண்டு. இதய நோயாளிகள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது.

வயதானவர்களுக்கு "தெம்பு ஊசி" என்று நான்ட்ரோலோனைப் போட்டுவிடும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறது. சோர்வுக்குக் காரணம் தெரியாமல் இந்த ஊசியைப் போடுவது தவறு என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சோர்வுக்குப் பின்னால் குடலில் கசியும் ரத்தமோ, புற்றுநோயோ ஒளிந்திருக்கலாம். ஊசி கொஞ்சம் தெம்பு தந்து அதைக் கண்டுபிடிப்பதை இன்னும் தள்ளிப்போடும்.

இந்த மாத்திரையை எடுப்பவர்கள் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை மருத்துவரிடமும் எங்களிடமும் சொல்லுங்கள். வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளின் வேகத்தை இது கூட்டிவிடும். ஈறில் ரத்தம் வருவது அதன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரலாம்.

அந்தப் பெரியவரின் மருமகள் பத்து நாள் கழித்துத் தானாகவே வந்தார். பரிசோதனையில், உடம்பில் சேமித்த இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருந்தது. மாதவிடாயில் எட்டு நாள் ரத்தம் போகிறதாம், அதைப் பெரிதாக நினைத்ததே இல்லையாம். இரும்புச்சத்து மாத்திரையைக் கொடுத்து, அதை டீயோடு சாப்பிட வேண்டாம் என்று சொல்லி, மகப்பேறு மருத்துவரைப் பார்க்க அனுப்பினேன்.