விண்டோஸ் விழிப்பதற்கு முந்தைய சில நொடிகள்

லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகிக் கணினியை அணைத்துப் போடுகிறோம். பழைய விண்டோஸே வந்து நிற்கிறது. எஃப்2 அழுத்த வேண்டும் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்து அழுத்துவதற்குள், நிறுவனத்தின் சின்னம் வந்து போய்விடுகிறது. அடுத்த முறை முன்கூட்டியே படபடவென்று தட்டுகிறோம். அப்போதும் சில கணினிகள் மசிவதில்லை.

அந்த விசைக்காகக் காத்திருப்பது விண்டோஸ் என்று நினைத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம். அந்த நேரத்தில் விண்டோஸ் டிஸ்க்கில் வெறும் கோப்பாகக் கிடக்கிறது. மின்சாரம் பாய்ந்த கணத்தில் ராம்கூட வேலைக்குத் தயாராக இருக்காது. மதர்போர்டில் உள்ள சிறிய ஃபிளாஷ் சிப்பில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேர் என்ற அடிப்படை நிரல்தான் முதலில் ஓடுகிறது. ராமைத் தயார்செய்து, கீபோர்டையும் டிஸ்க்கையும் எழுப்பியபின், சிஸ்டத்தை எங்கிருந்து ஏற்றுவது என்ற பட்டியலை அது பார்க்கும். அதற்கு முன் ஓரிரு நொடிகள் கீபோர்டுக்குக் காதுகொடுக்கும். எஃப்2, டெலிட், எஃப்10, எஸ்கேப் என்று விசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த நொடிகளுக்குள் அழுத்தினால்தான், பட்டியலை மாற்றும் அமைப்புத் திரை திறக்கும். (1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியில் இந்த அமைப்புகளை மாற்றவே தனியாக ஒரு ஃபிளாப்பியைப் போட வேண்டியிருந்தது. அதைப் பார்த்தால் நம் பாடு பரவாயில்லை.)

அந்தப் பட்டியல்தான் பூட் ஆர்டர். பழைய கணினிகளின் ஃபர்ம்வேரான பயாஸில் அது வெறும் சாதனங்களின் வரிசை. முதலில் உள்ள டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருந்தால் அந்த நிரலிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். இல்லையென்றால் அடுத்த சாதனம். கோப்பு, கோப்புறை எதுவும் பயாஸுக்குப் புரியாது.

பயாஸுக்குப் பதில் வந்த இன்றைய ஃபர்ம்வேரான யூஈஎஃப்ஐக்குப் புரியும். அதனால் அதன் பட்டியலில் டிஸ்க்கின் பெயரோடு, 'விண்டோஸ் பூட் மேனேஜர்', 'உபுண்டு' போன்ற பெயர்களும் இருக்கும். ஒவ்வொன்றும் டிஸ்க்கின் ஒரு சிறு பகுதியில் இருக்கும் குறிப்பிட்ட கோப்பைக் காட்டும். சிஸ்டத்தை நிறுவும்போதே அது தன் பெயரைப் பட்டியலில் எழுதிக்கொள்கிறது. நேற்று செருகிய பென்டிரைவ் எங்கே போய் எழுதும்? அதற்காகவே ஒரு பொது இடம் உண்டு. ஈஎஃப்ஐ என்ற கோப்புறைக்குள் பூட் என்ற கோப்புறை, அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற கோப்பு. லினக்ஸை ஒரே கோப்பாகக் கட்டித் தரும் ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்து போட்டால் இந்த ஏற்பாடு அமையாது. பிறகு வரிசையை எப்படி மாற்றினாலும் அது பூட் ஆகாது.

சரி, எவ்வளவு தட்டியும் மசியாத கணினிகள்? விண்டோஸ் 8-இல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவைத்து அங்கிருந்தே எழும். போதாக்குறைக்கு, சில ஃபர்ம்வேர்கள் நேரத்தை மிச்சப்படுத்த யுஎஸ்பி கீபோர்டை எழுப்பாமலே தாண்டிவிடும். தட்டுவதைக் கேட்க ஆளே இல்லை. அங்கே விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். வரும் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போகலாம். 'அடுத்த முறை நேராக அமைப்புத் திரைக்குப் போ' என்று விண்டோஸ் ஃபர்ம்வேருக்கு ஒரு சீட்டு எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். விசையே தேவையில்லை.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு முறை பென்டிரைவிலிருந்து ஏற்றுவதற்கு வரிசையைத் தொடவே வேண்டாம். பல கணினிகளில் எஃப்12 ஒரு தற்காலிகப் பட்டியலைக் காட்டும். தேர்ந்தெடுத்தது அந்த ஒரு முறைக்கு மட்டும். வரிசையைத்தான் மாற்றப்போகிறீர்கள், டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் மறையாக்கப் பூட்டும் போட்டிருக்கிறது என்றால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூட் ஆகும் வழி மாறியதைக் கண்டால் அது சாவி கேட்கக்கூடும். அப்போது அந்தச் சாவி அதே டிஸ்க்குக்குள் இருந்தால் எடுக்க முடியாது.