தேதி போட்டு எழுதி வையுங்கள்

எண்ணெய்க் கிணறுகளின் அருகில் வசிப்பவர்கள் பெரும்பாலும் தலைவலி, கண் எரிச்சல், விடாத இருமல் என்றுதான் வருவார்கள். இவை எத்தனையோ காரணங்களால் வரக்கூடியவை. அதனால், "வீட்டில் யாராவது அங்கே வேலை பார்க்கிறார்களா?" என்று தவறாமல் கேட்பேன். பல சமயம் பதிலுக்கு முன்னால் ஒரு மௌனம் வரும்.

ஒருமுறை ஒரு பெண்மணி, துணியில் சுற்றிய பாட்டிலை மேஜைமேல் வைத்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மேலே வானவில் நிறத்தில் மெல்லிய படலம். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மகன் ஒப்பந்த வேலையில் இருக்கிறான் டாக்டர். சீட்டில் தண்ணீரைப் பற்றி எழுதிவிடாதீர்கள்" என்றார்.

எல்லாப் படலமும் எண்ணெய் அல்ல. குச்சியால் கலைத்தால் சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்பு பாக்டீரியா. உடனே கூடிக்கொண்டால் எண்ணெய். நான் கலைத்துப் பார்த்தேன். கூடிக்கொண்டது.

படலம் இல்லாவிட்டாலும் நிம்மதி அடைய முடியாது. கச்சா எண்ணெயில் உள்ள பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் தண்ணீரில் கரைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. நைஜீரியாவின் ஒகோனி பகுதியில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஓரிடத்தில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணறுகளில், உலக சுகாதார அமைப்பு வகுத்த அளவைப்போல் 900 மடங்குக்கும் மேல் பென்சீன் இருந்தது. ஒகோனியில் ஷெல் நிறுவனம் எண்ணெய் எடுப்பதை நிறுத்தியதோ 1993-இல்! பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும், ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது ஆவியாகிச் சமையலறைக் காற்றில் கலக்கும். கொதிக்க வைப்பது இதற்குத் தீர்வல்ல. அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று நின்றுவிட்டாலும் நம்பாதீர்கள். அந்த நாற்றத்தைத் தரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும்.

அரசியல் நுழைவது பரிசோதனையில்தான். உடலுக்குள் போன பென்சீனில் பெரும்பகுதி ஓரிரு நாளில் வெளியேறிவிடும். கசிவு நடந்து பத்து நாள் கழித்து மருத்துவ முகாம் போட்டால் எல்லா முடிவும் சுத்தமாக வரும். அந்தத் தாளை ஊர்க்கூட்டத்தில் தூக்கிக் காட்டுவார்கள். குத்தகையும் ஒப்பந்தமும் கிடைத்த வீடுகள் ஒரு பக்கம், கிடைக்காத வீடுகள் மறு பக்கம் என்று ஊர் ஏற்கெனவே பிளந்திருக்கும். புகார் சொன்னவர் ஊரின் பிழைப்பைக் கெடுப்பவர் ஆகிவிடுவார்.

சட்டமே இந்தப் பிளவுக்கு எண்ணெய் ஊற்றுவதும் உண்டு. நைஜீரியாவின் 2021 பெட்ரோலியச் சட்டப்படி, நிறுவனங்கள் ஆண்டு இயக்கச் செலவில் 3 சதவீதத்தை அந்தப் பகுதி மக்களின் அறக்கட்டளைக்குத் தர வேண்டும். ஆனால் யாராவது குழாயைச் சேதப்படுத்தினால் பழுதுபார்க்கும் செலவு அந்தப் பங்கிலிருந்தே போகும். யாரோ செய்ததற்கு ஊரே பணம் இழக்கும்போது பக்கத்து வீட்டுக்காரனே காவல்காரன் ஆகிறான். மருத்துவனாக எனக்கு இதுவும் ஒரு நோய்க் காரணிதான்.

ஆகவே எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கு முன்பே குடிநீரைச் சோதித்து, முடிவைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அளப்பதை ஒப்பிட வேறு ஆதாரம் கிடைக்காது. நாற்றம் வந்த நேரம், காற்றடித்த திசை, அன்று யாருக்கு என்ன உபாதை எல்லாவற்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள்.

அந்தப் பெண்மணியின் சீட்டில் தலைவலி என்று மட்டும் எழுதினேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்பதை வாயால் சொன்னேன். பாட்டிலைத் திரும்பக் கேட்டார். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மறுபடியும் துணியில் சுற்றிக்கொண்டார்.