வில்லன் முதன்முதலாக வரும்போது வீரர்களின் கையைக் கட்டாதீர்கள்

"நான் அம்பு விடறேன்" என்றார் என் மேஜையில் ரோல்பிளேயிங் ஆட்டம் (ஆளுக்கொரு கேரக்டராகி, வாய்ப்பேச்சிலும் பகடையிலும் கதையை நடத்தும் ஆட்டம்) விளையாடிக்கொண்டிருந்த ஒருவர். வில்லன் அரியணை மண்டபத்துக்குள் நுழைந்து நாலு வாக்கியம்கூடப் பேசியிருக்கவில்லை. நானோ ஒரு பக்கத்துக்கு வசனம் எழுதி வைத்திருந்தேன்.

"இப்ப முடியாது. அவன் பேசி முடிக்கட்டும்."

"சரி, ஓடிப்போய்க் கதவைச் சாத்தறேன்."

"அதுவும் முடியாது. மந்திரத்துல உறைஞ்சு நிக்கறீங்க."

கையில் வைத்திருந்த பகடையை அவர் மெல்லப் பையில் போட்டார். அன்றைய செஷன் முடியும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.

கட்டணம் வாங்கிக்கொண்டு கேம் மாஸ்டராக, அதாவது கதையைச் சொல்லி வில்லனுக்காகவும் பேசுபவராக, ஆட்டம் நடத்த ஆரம்பித்த முதல் வருடம் அது. அந்த மேஜையில் ஒருவருக்குக்கூட வில்லன்மேல் கோபம் வரவில்லை. வந்த கோபமெல்லாம் என்மேல்தான், அது நியாயமும்கூட. ரோல்பிளேயிங் ஆட்டத்தில் விளையாடுபவர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: 'என் கேரக்டர் இதைச் செய்கிறது' என்று சொல்லும் உரிமை. வில்லனின் கெத்தைக் காட்ட அதைப் பிடுங்கினேன். புதிதாக ஆட்டம் நடத்துபவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பதும் இதே தவறைத்தான்.

இதைச் செய்யவைப்பது பயம். மாதக்கணக்கில் யோசித்து உருவாக்கிய வில்லன் முதல் நாளே செத்துப்போய்விடுவானோ என்ற பயம். அது வீண் பயமும் இல்லை. ஐந்து பேர் மூன்று சுற்று தாக்கினால் 15 வீச்சு. இருபது முகப் பகடையில் அத்தனை வீச்சில் ஒருமுறையாவது 20, அதாவது மிகப் பலமான அடி, விழ 53 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. தவிர, ஒவ்வொரு சுற்றிலும் அவனுக்கு ஒரு முறை என்றால் அவர்களுக்கு ஐந்து. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத்தான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ரோல்பிளேயிங் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் பெரிய எதிரிகளுக்கு லெஜண்டரி ஆக்‌ஷன் இருக்கிறது; அடுத்தவர் முறை முடிந்த கையோடு எதிரி ஒன்றைச் செய்துகொள்ளலாம். இறுதிச் சண்டைக்கு அருமையான விதி. அறிமுகத்தன்று அதை இறக்கினால், பார்ட்டி (வீரர் குழு) தன் மந்திரங்களையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசிச் சண்டை வந்துவிட்டது என்றே நினைத்துக்கொள்ளும்.

ஆகவே, வாளுக்கு எட்டும் தூரத்தில் வில்லனை நிறுத்துவதானால் அவன் அன்றே சாகலாம் என்று மனதார ஒப்புக்கொண்டு நிறுத்துங்கள். மனம் வரவில்லையா? அவன் வர வேண்டாம், அவன் செய்தது முதலில் வரட்டும்.

ஒரு கேம்பெயினில் (பல செஷன்களுக்கு நீளும் கதையில்) நான் செய்தது இது. பார்ட்டி ஒரு கிராமத்துக்குள் நுழைகிறது. எல்லா வீட்டு நிலைக்கதவிலும் ஒரே உயரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அது என்னவென்று கேட்டால் பேச்சு மாறுகிறது. ஆனால் அந்தக் கோட்டைப் போடச் சொன்னவரின் பேரை எல்லோரும் மரியாதையோடு சொல்கிறார்கள். பஞ்ச காலத்தில் ஊர்க் கடனை அடைத்தவர் அவர்தானாம். இரண்டு செஷன் கழித்துத்தான் விஷயம் புரிகிறது. அந்தக் கோட்டைத் தாண்டி வளரும் பிள்ளைகளை அவர் ஆட்கள் கூட்டிப்போகிறார்கள். அதற்குள் ஐந்து பேரும் அவரைத் தேடிக் கிளம்பியிருந்தார்கள். நான் ஒரு வசனமும் பேசவில்லை.

அதே யோசனையை வேறொரு குழுவில் வைத்தபோது, ஒருவர் மேஜை நடுவில் இருந்த எக்ஸ் கார்டைத் தொட்டார். ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் உருவாக்கிய எளிய ஏற்பாடு அது: X என்று எழுதிய ஒரு அட்டை. யார் தொட்டாலும் அந்த விஷயம் கதையிலிருந்து விலகும், காரணம் கேட்கக் கூடாது. நானும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பதிலாக, போருக்குப் பிடித்துச் செல்ல வளர்ந்த ஆண்களை அளக்கும் கோடாக அதை அங்கேயே மாற்றினேன். வில்லனின் கொடூரம் ஒரு துளி குறையவில்லை. எந்தெந்தக் கொடுமை இந்த மேஜையில் வேண்டாம் என்பதை செஷன் ஜீரோவிலேயே, ஆட்டம் தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். விளையாட வந்தவரின் பழைய காயத்தைக் கிளறி எடுக்கும் பயம் வில்லனுக்குப் பெருமை சேர்க்காது.

நேருக்கு நேர் சந்திப்பு என்றாவது வந்துதான் ஆகவேண்டும். அன்று அவனுக்கு இவர்களிடம் ஏதாவது தேவைப்பட வேண்டும். ட்ரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதி 1983-ல் வெளிவந்த ரேவன்லாஃப்ட் என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசக் கதையில், ஸ்ட்ராட் என்ற ரத்தக்காட்டேரியின் நோக்கம் என்ன என்பதையே சீட்டெடுத்துத்தான் தீர்மானிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது, கடைசி அறையில் உட்கார்ந்து அடி வாங்கக் காத்திருக்கும் பிராணியாக அவன் இல்லை என்பது. அவனுக்கென்று ஒரு வேலை இருக்கிறது.

என் வில்லன்கள் இப்போது ஒரு சாவு வீட்டுக்கோ சமாதானப் பேச்சுக்கோ வருகிறார்கள். வந்து ஒரு கேள்வி கேட்பார்கள், பெரும்பாலும் பதில் சொல்லக் கஷ்டமான கேள்வி. வீரர்கள் வாளை உருவலாம், தடையில்லை. சுற்றிலும் நிற்கும் ஜனங்கள் என்ன ஆவார்கள் என்பதையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

கொன்றே விட்டார்கள் என்றால்? இரண்டு முறை நடந்திருக்கிறது. மனசு வலித்தது. ஆனாலும் செத்தவன் செத்தவனாகவே இருந்தான். மாயத்தில் எழுப்பிக் கொண்டுவந்தால், முதல் வருடம் நான் செய்த அதே காரியத்தை வேறு வழியில் செய்ததாக ஆகும். அவன் விட்டுப்போன இடத்துக்குத் தளபதியும் மூத்த மகளும் அடித்துக்கொள்ள, மகளே அவனைவிட மோசமான வில்லியாக வளர்ந்தாள்.

இப்போதெல்லாம் முந்தின நாள் ராத்திரி ஒரு சின்ன அட்டையில் மூன்று வரி எழுதிக்கொள்கிறேன்: அவனுக்கு இவர்களிடம் என்ன வேண்டும், தாக்கினால் முதலில் என்ன செய்வான், ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளிகள்) பாதியாகும்போது எந்த வழியாகத் தப்பப் பார்ப்பான். அந்த வழியை மறித்து நிற்க வீரர்களுக்கும் ஒரு வாய்ப்பு வைப்பேன். போன மாதம் அப்படி ஒரு பெண் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம்தானே வருவான்?" என்றார். பகடையை உருட்டச் சொன்னேன்.